ஹெட்போனில் பேஸ் இல்லை

கழட்ட வேண்டாமுங்க, அது கழுத்துலயே இருக்கட்டும். என்ன மாடல்னு பாக்கத்தான் குனிஞ்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. காது ஆஸ்பத்திரியில ஒருத்தர் ஹெட்போனோட உக்காந்திருந்தா என்னால பாக்காத மாதிரி இருக்க முடியலீங்க. சித்தெ இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, எனக்கு வலது காது கொஞ்சம் தேவலை. அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களா? கண்ணாடி ரூமுக்குள்ள போயிருக்காங்களா? அப்ப அரைமணி நேரம் ஆகுமுங்க. சின்னச் சின்னச் சத்தமா வைப்பாங்க, கேக்கறப்ப எல்லாம் கையைத் தூக்கோணும். எனக்கு இது நாலாவது தடவை. என் டோக்கன் முப்பத்தெட்டு, இப்பத்தான் இருபத்தாறு ஓடுது.

என் பேரு தேவசிகாமணிங்க. பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில டிராயிங் செக்‌ஷன்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். அங்க நாம போடற கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போச்சுன்னா பம்பு தண்ணி தூக்காது. அளந்து பாக்காம எதையும் நம்பற ஆளு இல்லீங்க நான். இதை முதல்லயே சொல்லிடறேன்.

பாட்டுத்தான் எனக்கு எல்லாம். வாசிக்கத் தெரியாது, பாட வராது, கேக்கத் தெரியும். அதுலயும் பேஸு. கீழ்ச்சத்தம். இப்ப கடையில விக்கறாங்களே, அதுல எல்லாம் பேஸ்னா காதை அடைக்கறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. சோத்து மேல குழம்பை ஊத்தி முக்குன மாதிரி பாட்டு மேல ஊத்தி வச்சிருப்பாங்க. அது பேஸு இல்லீங்க. நல்ல பேஸு வர வேண்டிய எடத்துல வந்து, போக வேண்டிய நேரத்துல போயிரோணும். மிருதங்கத்துல இடது பக்கம் இருக்குதுங்களே, ரவையைப் பிசைஞ்சு அப்புவாங்க. அதுல உள்ளங்கையை வச்சு அழுத்தித் தேய்ச்சா ஒரு கும்முனு வரும். அது காதுல கேக்கக் கூடாதுங்க, நெஞ்சுக்குக் கீழ கேக்கோணும். அந்தக் கும்மு சரியா வந்துச்சுன்னா அந்த ஹெட்போன் நல்ல ஹெட்போனு. வரலைன்னா தூக்கிப் போட்டறலாம். என் கணக்கு அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது ஜோதிலிங்கம்னு ஒருத்தர். நேர்ல இல்லீங்க, எழுத்துல. ‘ஒலிச்சோலை’ன்னு ஒரு மாசப் பத்திரிகை வருது, ரேடியோ, ஸ்பீக்கர், ஹெட்போன் இதைப் பத்தியே எழுதுவாங்க. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அதுல ‘காதாரக் கேட்டது’ன்னு கடைசி நாலு பக்கம் அவரு எழுதுவாரு. முந்தி ஏதோ ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல இருந்தவரு. மத்தவங்களாட்டம் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒம்பதுன்னு மார்க்குப் போட மாட்டாரு. “இந்த ஹெட்போனில் மிருதங்கம் கேட்கிறது, ஆனால் வாசிப்பவரின் கை கேட்கவில்லை” அப்பிடீன்னு ஒரு வரி எழுதுவாரு. நான் அதைப் படிச்சுட்டுக் கடையில போய்க் கேட்டுப் பாத்தா, ஆமாங்க, கையைக் காணோம். எப்பிடித்தான் கண்டுபிடிப்பாரோ.

பதினோரு வருஷம் அவரு சொன்னதைத்தான் வாங்கினேன். அஞ்சு ஹெட்போனு. ஒண்ணு கூடத் தப்பினதில்லை. என் சம்சாரம் சுலோச்சனா கேலி பண்ணுவா, ஏனுங்க, நாளைக்கு அவரு காதுல பஞ்சு வச்சுக்கச் சொன்னாலும் வச்சுக்குவீங்களான்னு. நான் சொல்லுவேன், அவரு சொன்னா அந்தப் பஞ்சுலயும் ஏதாவது இருக்கும்னு. அளந்து பாத்துத்தானுங்க நம்பினேன். சும்மா இல்லை.

போன வைகாசி மாசப் பத்திரிகையில ஒரு ஹெட்போனைப் பத்தி எழுதினாரு. நாலு பக்கமும் அதுதான். “இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த தனி ஆவர்த்தனத்தை இப்போதுதான் முழுதாகக் கேட்டேன், கேட்டு முடித்ததும் சிறிது நேரம் எழுந்திருக்க முடியவில்லை” அப்பிடீன்னு எழுதியிருந்தாரு. அவரு அப்பிடி எல்லாம் எழுதற ஆளே இல்லீங்க. நான் அடுத்த நாளே கடைக்குப் போயி சொல்லி வச்சு, பத்து நாள் காத்திருந்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து மாட்டறேன், பேஸே இல்லை.

குறைவா இருக்குதுன்னு சொல்லலீங்க. இல்லவே இல்லை. மிருதங்கம் தகர டப்பாவைத் தட்டற மாதிரி இருக்குது. சரி, இது கோளாறு பீஸுன்னு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் மாட்டிப் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குதுன்னாரு. இருந்தாலும் பழைய ஆளுன்னு வேற மாத்திக் குடுத்தாரு. அதுவும் தகர டப்பா. அப்பறம் என் பழைய அஞ்சையும் எடுத்து ஒவ்வொண்ணாக் கேட்டேன். அதுலயும் முன்ன மாதிரி இல்லை. அப்பத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. புது ஹெட்போனை மாட்டினதுல என் ஆம்ப்ளிபயர் கெட்டுப் போச்சு, அதுல பழசும் சேந்து கெட்டுப் போச்சு. அப்பிடித்தானே நினைப்பீங்க? நீங்களா இருந்தாலும் அப்பிடித்தான் நினைப்பீங்க.

அந்தச் சமயத்துல வீட்டுல வேற தொல்லை. கீழ தண்ணி மோட்டார் ஓடற சத்தம் வெடியால இருந்து பொழுதோட வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கும். நாலு தடவை இறங்கிப் போய்ப் பாத்தேன், ஓடலை. மோட்டார் கம்பெனியில இருந்தவனுக்கு மோட்டார் சத்தம் தெரியாதா? கீழ்வீட்டுக்காரர் நான் வர்றது தெரிஞ்சு நிறுத்திப் போடறாருன்னு அவருகிட்டயும் சண்டை போட்டேன். அது வேற கதை.

நான் ஜோதிலிங்கத்துக்கு லெட்டர் போட்டேன். மரியாதையாத்தான் எழுதினேன். மரியாதையா பதிலும் வந்துச்சு. காது மெத்தை சரியாப் பொருந்தலைன்னா பேஸு ஓடிப் போயிரும், நீங்க மூக்குக்கண்ணாடி போடறவரா இருந்தா கழட்டிட்டுக் கேட்டுப் பாருங்கன்னு எழுதியிருந்தாரு. கண்ணாடியைக் கழட்டிக் கேட்டேன். ஒண்ணுமில்லை. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். பதினோரு வருஷம் படிச்சவனுக்கு ஹெட்போன் மாட்டத் தெரியாதுன்னு சொல்லிட்டாரே.

அந்த மாசப் பத்திரிகையை மறுபடி எடுத்துப் பாக்கறேன், பின் அட்டையில அதே கம்பெனி விளம்பரம். முழுப்பக்கம்.

போன்ல ஒரு குழு இருக்குதுங்க, பாட்டு கேக்கறவங்க எல்லாம் சேந்து வச்சிருக்கறது. எட்டாயிரம் பேர். அதுல ராத்திரியும் பகலும் இதே பேச்சுத்தான், எந்த ஹெட்போன், எந்த வயரு. நான் அதுல எழுதினேன். அளவாத்தான் எழுதினேன். இந்த ஹெட்போனில் பேஸ் இல்லை, இரண்டு பீஸ் மாற்றிப் பார்த்துவிட்டேன், இருக்கிறது என்று எழுதியவருக்கும் பின் அட்டைக்கும் என்ன உறவு என்று வாசகன் கேட்கலாமா கூடாதா. அவ்வளவுதான். கேள்வியாத்தான் கேட்டேன். அவரு காசு வாங்கினாருன்னு நான் எங்கயும் எழுதலை.

அதை எழுதினது மத்தவங்க. எனக்கு முன்னப்பின்னத் தெரியாதவங்க. எனக்கும் பேஸ் கேக்கலைன்னு நாப்பது பேர் எழுதினாங்க. அதுல எத்தனை பேர் அந்த ஹெட்போனைக் கண்ணால பாத்தாங்களோ தெரியாது. அவரு பத்து வருஷத்துக்கு முந்தி எழுதினதை எல்லாம் தோண்டி எடுத்து, இதுக்கு எந்தக் கம்பெனி, அதுக்கு எந்தக் கம்பெனின்னு போட்டாங்க. அவரு போட்டோவைப் போட்டு ஒருத்தர் செவிடன்னு எழுதினாரு. நான் அதை எல்லாம் லைக் பண்ணலீங்க. ஒண்ணு ரெண்டு பண்ணியிருப்பேன்.

ஆடி மாசப் பத்திரிகையில கடைசி நாலு பக்கம் வேற ஏதோ டி.வி. பத்தி வந்துச்சு. இப்பகுதி நிறுத்தப்படுகிறதுன்னு மூலையில ஒரு வரி. ஆசிரியர் கிட்ட நான் நிறுத்தச் சொன்னனா? சொல்லலை. சுலோச்சனா மட்டும் அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு, சந்தோஷமான்னு கேட்டா.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, காலையில பதினோரு மணி இருக்கும், ஒருத்தர் வந்து நின்னாரு. வேட்டி சட்டை, துணிப்பை, எழுபது வயசு இருக்கும். நான்தான் ஜோதிலிங்கம், உடுமலையில இருந்து வர்றேன்னாரு. லெட்டர்ல இருந்த விலாசத்தை வச்சுக் கண்டுபிடிச்சு வந்துட்டாரு. சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன். மனுசன் ரொம்ப கனத்த குரல், ஆனா முணுமுணுன்னு பேசறாரு, பாதி புரியலை. தப்புப் பண்ணினவங்க அப்பிடித்தான் பேசுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். சுலோச்சனாதான் எனக்கு எடுத்து எடுத்துச் சொன்னா. அவ குரல் எனக்கு எப்பவும் நல்லாக் கேக்கும்.

உங்க வீட்டுல, உங்க ஹெட்போன்ல, நாம ரெண்டு பேரும் சேந்து ஒருக்காக் கேக்கலாம்னு வந்தேன்னாரு. அதுக்காக மூணு மணி நேரம் பஸ்ஸுல வந்திருக்காருங்க. பையில இருந்து அவரு ஹெட்போனை எடுத்தாரு, பத்திரிகையில எழுதினாரே, அதே மாடல். ஒரே சமயத்துல ரெண்டு ஹெட்போன் சொருகற பின்னும் கொண்டாந்திருந்தாரு. சோபாவுல பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். தனி ஆவர்த்தனத்தைப் போட்டாரு. போட்டுட்டு என் கையை எடுத்து அவரு மடியில வச்சுக்கிட்டாரு. எனக்குக் கூச்சமாப் போச்சு. மிருதங்கத்தோட இடது பக்கம் ஒவ்வொரு தட்டு வர்றப்பவும் விரலால என் உள்ளங்கையில அழுத்தினாரு. ஒண்ணு. அப்பறம் சித்தெ விட்டு ரெண்டு. அப்பறம் வரிசையா அஞ்சு. அவரு அழுத்தற எடத்துல எல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. வெறும் எடம். அவரு விரல் மட்டும் வருது, போகுது.

அப்பறம் ஹெட்போனை மாத்திப் போட்டாரு. என்னது அவருக்கு, அவரோடது எனக்கு. மறுபடியும் அதே மாதிரி விரல். என்னோடதுலயும் அவருக்குக் கேக்குது. அவரோடதுலயும் எனக்குக் கேக்கலை. கடைசியா சுலோச்சனாவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டாரு. அவ பாட்டே கேக்க மாட்டா. ஒரு நிமிஷம் கேட்டுட்டு, வயித்துக்குள்ள என்னமோ அதிருதுங்கன்னு சொல்லிட்டுக் கழட்டிக் குடுத்தா. நான் என்ன நினைச்சேன்னா, வீட்டுக்கு வந்தவரு மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்னு.

ஜோதிலிங்கம் ஹெட்போனை வாங்கி மடியில வச்சாரு. அப்பறம் சுலோச்சனாகிட்டச் சொல்ற மாதிரி சத்தமாச் சொன்னாரு. அது மட்டும் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு.

“ஹெட்போன் நல்லாத்தான் இருக்குதுங்க. இவரைச் சீக்கிரமா ஒரு காது டாக்டர்கிட்டக் காட்டுங்க. காதுக்குள்ள ஏதாச்சும் இரைச்சல் கேக்குதான்னு கேளுங்க. என் விஷயம் கிடக்கட்டும்.”

நான் எந்திரிச்சுப் போயி வாசக்கதவைத் திறந்தேன். போங்கன்னு சொல்லலை. கதவைத்தான் திறந்தேன். அவரு வயரை எல்லாம் பொறுமையாச் சுத்திப் பையில வச்சுக்கிட்டு, வர்றேன்னுட்டுப் போயிட்டாரு. சுலோச்சனா அவருக்கு வச்ச காப்பி அப்பிடியே இருந்துச்சு.

இருவது நாள் கழிச்சுக் குளிச்சுட்டு இருக்கறப்ப பாத்ரூமே ஒரு சுத்துச் சுத்துச்சுங்க. சுவத்தைப் பிடிச்சா சுவரும் சுத்துது. கீழ விழுந்து, வாந்தி எடுத்து, சுலோச்சனாவும் கீழ்வீட்டுக்காரரும் சேந்து தூக்கிட்டு வந்தாங்க. நான் சண்டை போட்டேன்னு சொன்னனே, அவருதான். அப்பிடித்தான் இங்க வந்தேன்.

டாக்டரம்மா ஒரு படம் காட்டினாங்க. கோடு போட்ட தாளு. எனக்குப் படம் பாக்கத் தெரியுமுங்களே. வயசானா மேல் சத்தம் போகும், குருவிச் சத்தம், மணிச் சத்தம், அப்ப கோடு வலது பக்கம் இறங்கும். எனக்கு இடது பக்கம் இறங்கியிருந்துச்சு. காதுக்குள்ள ஏதோ தண்ணி இருக்குமாம், அது கூடிப் போச்சாம். கீழ்ச்சத்தம்தான் முதல்ல போகுமாம். இடது காது போயி ரொம்ப நாளாச்சு, இப்ப வலது காதும் ஆரம்பிச்சிருக்குதுன்னாங்க. உப்பைக் குறைங்க, மாத்திரை போடுங்க, சுத்தல் நிக்கும், போனது திரும்பும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. நான் அந்தக் கண்ணாடி ரூம்ல இருந்த பொண்ணுகிட்ட, நீங்க டெஸ்ட் பண்ற ஹெட்போன் எந்தக் கம்பெனி, அதுல பேஸு ஒழுங்கா வருமான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிக்கலை. வருமுங்க சார்னு சொல்லுச்சு. சொல்றப்ப என் முகத்தைப் பாக்கலை.

அன்னைக்குப் பொழுதோடவே குழுவுல எழுதினேன். இதையும் சொல்லோணும், நான் எழுதாம இருக்கலை. என் செவித்திறனிலும் சிறு குறை இருக்கலாம் என்று மருத்துவர் கருதுகிறார், ஆகவே திரு. ஜோதிலிங்கத்தின் கருத்தை முற்றிலும் தவறு என்று சொல்வதற்கில்லை, எனினும் பின் அட்டை விளம்பரம் குறித்த கேள்வி பொதுவானது. சுலோச்சனா படிச்சுட்டு, இது மன்னிப்பா, இன்னொரு புகாரான்னு கேட்டா. சரின்னு பின் அட்டை வரியை எடுத்துட்டேன். கருதுகிறார்ங்கறதையும் எடுத்துட்டேன். என் காது போச்சு, அவர் எழுதினது சரின்னு மட்டும் போட்டேன்.

முதல்ல எழுதினதை அறுநூறு பேர் அங்கங்க அனுப்பினாங்க. இதை மூணு பேர் பாத்தாங்க. அதுல ஒருத்தர் கேட்டாரு, உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு.

பத்திரிகை ஆசிரியருக்கும் போன் பண்ணினேன். அவரு குரல் எனக்குச் சரியாக் கேக்கலை, சுலோச்சனாகிட்டக் குடுத்தேன். பக்கத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு, அவரு மார்க்குப் போடறாரு, வாசகர்களுக்கு அது பிடிச்சிருக்குதுன்னு சொன்னாராம்.

அப்பறம்தான் உடுமலைக்குப் போனோம். சின்ன வீடு. அவங்க சம்சாரம் வந்து யாருன்னு கேட்டாங்க. பேரைச் சொன்னதும் தண்ணி கொண்டாந்து வச்சுட்டு உள்ள போயிட்டாங்க, அப்பறம் வெளிய வரவே இல்லை. ஹால்ல ஆம்ப்ளிபயரு, ஸ்பீக்கரு எல்லாத்துக்கும் மேல பழைய சேலையைப் போட்டு மூடியிருந்துச்சு. ஜோதிலிங்கம் பேசறது எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டு, ஒரு நோட்டை எடுத்து அதுல எழுதி எழுதிக் காட்டினாரு. காது எப்படி இருக்குன்னுதான் முதல்ல எழுதினாரு. நான் டாக்டரம்மா குடுத்த கோடு போட்ட தாளைக் காட்டினேன். அந்தக் கோட்டை விரலால தொட்டுக்கிட்டே போனாரு. நான், நீங்க இப்ப என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு கேட்டேன். அதுக்கு எழுதினாரு: “எதுவும் கேட்பதில்லை. இருபத்தாறு வருடம் எழுதுவதற்காகவே கேட்டுப் பழகிவிட்டது. எழுத இடமில்லை என்றால் உட்காரவே தோன்றவில்லை.”

காது நல்லா இருக்கற மனுசன். நான் கேட்டுப் போட்டேன், எனக்கு மட்டும் எழுதுங்கன்னு. உங்களுக்கும் ஒரு வேலையா இருக்கும்னு சொன்னேன். அதைக் கேட்டு சுலோச்சனா என் காலை மிதிச்சா. எதுக்கு மிதிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நல்லதுக்குத்தானே சொன்னேன். அவரு நோட்டை மூடிட்டாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நாங்க எந்திரிச்சுட்டோம்.

ஒரு மாசம் ஒண்ணும் வரலை. அப்பறம் ஒரு கவர் வந்துச்சு. நாலு பக்கம். பழைய மாதிரியே. ஒரு வீணைக் கச்சேரியில கீழ்ச்சத்தம் தர்ற மந்தரத் தந்தி எப்பிடி இருக்குது, தம்புரா எங்க நிக்குது, எத்தனாவது நிமிஷத்துல மிருதங்கம் உள்ள வருதுன்னு எல்லாம் எழுதியிருந்தாரு. எனக்கு நமஸ்காரம்கூட இல்லை, என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நான் அதே பாட்டைப் போட்டு, தாளைக் கையில வச்சுக்கிட்டு, அவரு சொன்ன நிமிஷம் வர்றப்ப அந்த வரியைப் படிச்சேன். கேக்கலைதான். ஆனா எந்த எடத்துல கேக்கலைங்கறதாவது தெரிஞ்சுது. மாசம் ஒண்ணு வருதுங்க இப்ப. எட்டு வந்திருக்கு. அவங்க வீட்டு ஸ்பீக்கர் மேல இருந்த சேலையை எடுத்துட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. கேட்டு எழுதினேன், அதுக்கு அவரு பதில் போடலை.

முப்பத்தி நாலா? ஆகட்டும், இன்னும் நேரம் இருக்குது.

போன வாரம் வந்த லெட்டர்ல புதுசா ஒரு ரெக்கார்டிங்கைப் பத்தி எழுதியிருக்காரு, கடம் வாசிச்சது. கடத்தை வயித்தோட சேத்து வச்சு வாசிக்கற எடத்துல பேஸைக் கொஞ்சம் கூட வச்சுட்டாங்க, ஒலிப்பதிவு பண்ணினவங்க அடக்கி இருக்கலாம்னு எழுதியிருக்காரு. எனக்கு அது சரியாப் படலீங்க. அந்தக் கடம் வித்வானை நான் முப்பது வருஷமாக் கேட்டிருக்கேன், அவரு வாசிப்பே அப்பிடித்தான் கனமா இருக்கும், அதை அடக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல ஜோதிலிங்கம் தப்புப் பண்றாருன்னு எனக்குத் தோணுது. பதில் எழுதலாம்னு நாலு நாளாத் தாளை எடுத்து வச்சுக்கிட்டு உக்கார்றேன். அந்தப் பாட்டையும் ஒரு முப்பது தடவை போட்டுட்டேன்.

எதை வச்சுங்க நான் இல்லைன்னு எழுதறது?